மாணிக்கவாசகம் புரட்டாமல் விட்ட தாள்

மாணிக்கவாசகம் எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து திறந்து நான் பார்த்ததில்லை. கட்டைவிரலால் தடிமனை அளப்பார், உள்ளே ஓரிடத்தில் பிரிப்பார், வேண்டியதை மட்டும் படித்துவிட்டு மூடுவார். காஜா பெராங் என்ற ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பதினைந்து வருடமும் பஞ்சாங்கத்தைக்கூட அப்படித்தான் பார்த்தார்.

ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் அவர் கிராணி, ஏடு எழுதும் குமாஸ்தா. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், முன்பு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் ஆட்கள் குடியுரிமை மனுவுக்காக வரிசையில் நின்றார்கள். இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி, அறுநூறு தாள் கொண்ட ஒரே பிறப்புப் பதிவேட்டில் இருந்தது. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. "தீமிதிக்கு முந்தின நாளு" என்பார்கள். ஒரு பெயரைத் தேட அரை நாள் போகும்.

மூன்று வாரம் உட்கார்ந்து ஏட்டை முழுதாக ஒரே முறை படித்தார். பெயர்களை எழுதிக்கொள்ளவில்லை. தாள்களுக்கு எண் போட்டார். பழைய பஞ்சாங்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடத்துத் திருவிழாவும் எந்தத் தாளில், எத்தனையாவது வரியில் விழுகிறது என்பதை மட்டும் குறித்தார். நான்கு பக்கம்தான். அதன்பின் திருவிழாவைச் சொன்னால் தாளைப் பிரித்து இருபது வரி படிப்பார், பெயர் கிடைத்துவிடும். ஒரே நாளில் முப்பது பேர் நகலோடு வீடு திரும்பினார்கள். பட்டம் வாங்கிய எனக்கு, எதை எழுதாமல் விடலாம் என்பது இவ்வளவு தெளிவாகத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை.

புக்கிட் ரம்பாயிலிருந்து பூங்காவனம் என்ற பெண் வந்தார்.

"வெள்ளம் வந்த வருஷம், சன்னாசிமலைத் திருவிழாவுக்கு மறுநா பொறந்தேன், கிராணி ஐயா."

"நீந்திக்கிட்டே வந்தியா? உக்காரு, ரெண்டே நிமிஷம்."

நாற்பது வரி படித்தார். "இல்லியேம்மா. வேற ஆஸ்பத்திரியா இருக்கும்."

"நல்லா பாருங்கய்யா. காகிதம் கெடைக்கலேன்னா கப்பல்தான்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. நாகப்பட்டினம் எந்தத் திக்குன்னே எனக்குத் தெரியாது."

"புக்கு பொய் சொல்லாதும்மா."

இரண்டு மாதம் கழித்து வேறொருவருக்காகத் தேடும்போது, அடுத்த வருடத்துத் தாளில் பூங்காவனத்தின் பெயர் அகப்பட்டது. முதல் பிள்ளைகள் தவறிப்போன வீடுகளில், சன்னாசிமலையில் முடியிறக்கும்வரை குழந்தையின் பெயரை ஏட்டில் ஏற்ற விடமாட்டார்கள். பிறந்தது ஒரு வருடம், பதிந்தது மறுவருடம். பழையபடி முதல் தாளிலிருந்து படித்திருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

நகலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் புக்கிட் ரம்பாய்க்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது.

"போன வாரமே கப்பல் ஏறிட்டாங்களே, ஐயா," என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

மறுநாள் யாரும் சொல்லாமலே ஏட்டை மறுபடி முதல் தாளிலிருந்து படிக்கத் தொடங்கினார். தாமதமாய் ஏறிய அறுபத்து மூன்று பேருக்கும் தாள் எண்ணும் வரி எண்ணும் போட்டு ஐந்தாவது பக்கம் எழுதினார். அதையும் பார்க்காமல் அப்புறம் ஒருவரிடமும் அவர் 'இல்லை' என்று சொன்னதில்லை. தன் பிழையைத் தானே தேடிப்போய்த் திருத்தியவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

போன வருடம் அவர் இறந்தார். பூங்காவனத்தின் பெயருக்கு அவர் நாகப்பட்டினத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களும் விலாசம் போதாமல் திரும்பிவந்திருந்தன; அவர் மனைவி சந்திரமதி அவற்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு நகல் இருந்தது. பெயர் ஏட்டில் இருந்தது என்று பூங்காவனத்திடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.