பாட்டு யார் எழுதியது என்று கேட்டவர்

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், ஆளுங்கட்சித் தலைவரைக் கிழித்து வந்திருக்கும் ஒரு போராட்டப் பாட்டைப் போனில் போட்டேன். காதில் மாட்டிய ப்ளூடூத் கனெக்ட் ஆகவில்லை. பஸ் முழுக்கக் கேட்டது.

எல்லோரும் சிரித்தார்கள், பக்கத்து சீட்டுக்காரரைத் தவிர.

"பாட்டு நல்லாருக்கு சார். யாரு எழுதுனது? ஒங்க நம்பர் குடுங்களேன்."

ஒட்ட வெட்டிய தலை, பளபளக்கும் பிரவுன் ஷூ. மஃப்டி போலீஸேதான். மனைவியின் தம்பி நம்பரைச் சொல்லிவிட்டுப் புதுச்சத்திரத்திலேயே இறங்கிவிட்டேன்.

சற்றுமுன் மச்சான் போன் செய்தான்.

"மாமா, யாரோ ஒருத்தரு, அந்தப் பாட்ட எழுதுனது நீங்களான்னு கேட்டாரு. ஆசையா கேக்குறாரேன்னு ஆமா, நாந்தான்னுட்டேன். வீட்டு அட்ரஸ் கூட வாங்கிக்கிட்டாரு!"

மனைவிக்கு இன்னும் தெரியாது. நல்ல வக்கீல் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவனுக்கு ஒருவர், எனக்கு ஒருவர்.