தொடாமல் நிறுத்தும் பிரேக்

தீர்த்தகிரியைப் பாப்பாரப்பட்டியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மேக்னட்டு' என்றால்தான் தெரியும். மைக் செட் கடையில் ஸ்பீக்கர் பழுதுபார்க்கிற ஆள். செத்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆளும் அவர்தான். அந்தப் பெயரைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திய காலம் உண்டு. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் காது மடல் வரை சூடேறுகிறது.

காந்தம் இருக்கும்போது சைக்கிளுக்குச் செயின் எதற்கு, பிரேக் கட்டை எதற்கு என்பது அவர் கட்சி. முதலில் செயினுக்குப் பதிலாகக் காந்தம் பதித்த சக்கரங்களைச் செய்து பார்த்தார். சமதரையில் ஓடியது. மேட்டில் காந்தம் பிடி நழுவி, பெடல் மட்டும் சும்மா சுற்றியது. மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். பிரேக்குக்கு வந்தார்.

மனைவி அன்பரசியின் சைக்கிளில், பின் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும்படி அலுமினியக் குண்டான் மூடி ஒன்றைப் பொருத்தினார். லிவரைப் பிடித்தால் இரண்டு பக்கமும் காந்தங்கள் மூடியை நெருங்கி வரும், தொடாது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்றாலும், சுற்றும்போது காந்தம் அதைத் தொடாமலே இழுத்துப் பிடிக்கும். "தேயறதுக்கே ஒண்ணுமில்ல பாத்தியா?" என்று சொல்லி, முன்னும் பின்னும் இருந்த பழைய கட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டார்.

சந்தைக்குப் போகிற இறக்கத்தில் அவரே ஓட்டிக் காட்டினார். சர்ரென்று வந்து, கூட்டத்துக்கு முன்னால் அழகாக நின்றார். கைதட்டினார்கள். அன்பரசியின் அண்ணன் மாரப்பன் அதைச் செல்போனில் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

மறுநாள் காலை அன்பரசி பால் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினாள். "கால ஊனாத. லிவர மட்டும் புடி, மேக்னட்டு பாத்துக்கும்," என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அதே இறக்கம். லிவரைப் பிடித்தாள். வேகம் குறைந்ததே தவிர சைக்கிள் நிற்கவில்லை. உருண்டுகொண்டே போய், குறுக்கே வந்த டிராக்டரின் டிரெய்லரில் மோதியது. மணிக்கட்டு முறிந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மாரப்பன் தங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள எப்படி நிறுத்துனாருன்னு ஊரே பாத்துச்சு. உனக்கு ஒரு லிவரப் புடிக்கத் தெரியலையா?"

"பயத்துல சரியாப் புடிக்கல போலண்ணா," என்றாள் அன்பரசி. நர்ஸிடமும் அதையேதான் சொன்னாள்.

தீர்த்தகிரியும் அப்படித்தான் நம்பினார். "அரைகுறையா புடிச்சிருப்ப," என்று வரும் வழியிலேயே சொல்லியும் விட்டிருந்தார், பாவி. வலியில் துடித்துக்கொண்டிருந்தவளிடம் சொல்கிற பேச்சா அது?

லிவரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டலாமென்று, வராந்தாவில் உட்கார்ந்து அந்த வீடியோவைத் திறந்தார். கடைசியில், சைக்கிள் மெதுவாகிற இடத்தில், அவருடைய வலது குதிகால் மண்ணில் உரசிக்கொண்டு வருகிறது. புழுதிகூடக் கிளம்புகிறது. சிறு வயதிலிருந்து பிரேக் இல்லாத சைக்கிள் ஓட்டிய கால், அவரைக் கேட்காமலே தன் வேலையைச் செய்திருக்கிறது. பார்த்த ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. ஊரில் எல்லோருடைய காலும் அப்படித்தான்.

சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் காந்தம் பிடிக்கும், மெதுவானால் விட்டுவிடும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நிறுத்தியது காந்தமே இல்லை. அந்தக் காலைத்தான் ஊன்றாதே என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பும் வந்தது. அது வந்ததற்காக இன்னும் கூசினார்.

உள்ளே மாரப்பன் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி போய் செல்போனை நீட்டினார்.

மாரப்பன் பார்த்தார். "சூப்பராத்தானே நிக்குது மாப்ள?"

"சக்கரத்தப் பாக்காதீங்க மச்சான்," என்றார் தீர்த்தகிரி. "என் காலப் பாருங்க."

மாரப்பன் மறுபடி போட்டுப் பார்த்தார். அன்பரசி நல்ல கையை நீட்டி வாங்கி, அவளும் பார்த்தாள். முகம் மெல்லத் தெளிந்தது.

"ஏங்க, அப்ப நான் சரியாத்தான் புடிச்சிருக்கேன்," என்றாள்.