காகிதப்பூவுக்கு ஒரு குடம் சிறுவாணி

போன வாரம் ஒரு நல்ல மனிதரின் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினேன்.

ஆமாம், பிடுங்கினேன். பட்டப்பகலில், தெருவே பார்க்க. குடத்துக்காரர் எங்கள் எதிர்வீட்டு ஹனீபா பாய். டவுனில் பெரிய கடை வீதிப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். என்ன நடந்தது என்று புரியாமல் வெறுங்கையோடு நின்றார்.

கோயமுத்தூரில், இந்தக் கோடையில், அடுத்தவர் குடத்தில் கை வைப்பது லேசுப்பட்ட காரியமா? எங்கள் காலனிக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் கூடப்பிறந்த தங்கையே வந்தாலும் குடத்தைத் தொட விடமாட்டோம். அதிலும் அது போர் பம்பில் அடித்த உப்புத் தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். அதைக் கொண்டுபோய் ஒரு காகிதப்பூச் செடிக்கு ஊற்றப் பார்த்தார் மனிதர்.

தண்ணீர் வீணாகிறதே என்ற ஆத்திரத்தில் பிடுங்கினேனா? அதுதான் இல்லை.

"வீட்டுத் தோட்டம் பற்றி எழுதுங்களேன்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வாரம் இந்தப் பக்கத்தில் தோட்டம் இருக்கிறது. சிரிப்புத்தான் கொஞ்சம் குறைச்சல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காகிதப்பூ, பக்கத்து வீட்டு ருக்மணி அக்காவுடையது. அவர் கணவர் பழனிச்சாமி அண்ணன் மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்கிற பம்பு செய்கிறவர் வீட்டில் தண்ணீர் கிடையாது... அது எங்கள் காலனியின் பழைய ஜோக். இருவருக்கும் சொந்த ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம்.

காலனி புதிதாக வந்தபோது எல்லோருக்கும் ஒரே பைத்தியம். புல்தரை! டிவி சீரியலில் வருகிற பங்களா மாதிரி வாசலில் பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும். வாங்கினோம், பதித்தோம், ரப்பர் ஹோஸ் பிடித்து நின்றோம். முதல் கோடையிலேயே எல்லாம் பழைய கோணிச்சாக்கு மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுச் சாக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா மட்டும் புல் பக்கமே போகவில்லை. உடுமலையிலிருந்து யார் வந்தாலும் தேங்காய் மட்டை கொண்டுவரச் சொல்வார். செடியைச் சுற்றிப் பாத்தி எடுத்து, மட்டைகளைக் குப்புறப் போட்டு அடுக்குவார். மண்ணில் வெயில் நேராக விழாது, ஊற்றிய ஈரம் ஓடிப்போகாது. பாத்தியையும் நாம் எடுப்பதுபோல் தண்டை ஒட்டி எடுக்க மாட்டார். இலை எதுவரை நிழல் போடுகிறதோ அங்கேதான் வேர் வாய் வைத்துக் குடிக்குமாம். மாதுளைக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்திருந்தார். அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி. பானையை நிரப்பி மூடிவிட்டால் அது பாட்டுக்குக் கசிந்துகொண்டிருக்கும். அரிசி கழுவின தண்ணீர் கறிவேப்பிலைக்கு. பாத்திரம் கழுவின தண்ணீர் கல்வாழைக்கு. குளியலறைத் தண்ணீர் முருங்கைக்கு. அந்த வீட்டில் ஒரு சொட்டுகூட ஒரு வேலை செய்துவிட்டு ஓய்ந்தது கிடையாது.

எதற்கும் முதலில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி. அதை மண்ணில் செருகி உருவிப் பார்ப்பார். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. செடி எவ்வளவு தொங்கிப்போய் நின்றாலும் சரி.

"பாவம்க்கா, வாடிக் கிடக்குது" என்பேன் நான்.

"மத்தியான வெயில்ல நீயுந்தான் வாடிக் கெடக்கறே. பொழுது சாயட்டும், நிமுந்துக்கும். ஊத்தறது ஒண்ணும் பெரிய காரியமில்ல கண்ணு. ஊத்தாம கைய கட்டீட்டு நிக்கறதுதான் காரியம்."

எனக்கும் அவருக்கும் இதில் ஓயாத சண்டை. செடிகளைப் பட்டினி போடுகிற மாமியார் என்று அவருக்குப் பட்டமே கொடுத்திருந்தேன்.

போன ஐப்பசியிலும் மழை ஏமாற்றிவிட்டது. அதற்குப் பின்னால்தான் அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. அப்புறம் முகம். பரிசோதனை செய்த டாக்டர் இரண்டு கிட்னியும் போய்க்கொண்டிருக்கிறது என்றார். டயாலிசிஸ் என்றார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். தண்ணீரைக் குறைக்க வேண்டும். நாள் முழுவதற்கும் ஒரே ஒரு சின்னச் செம்பு. காபி, மாத்திரைக்குக் குடிப்பது, எல்லாம் அதற்குள். இளநீர் மூச்!

நம் பக்கத்தில் இது நடக்கிற காரியமா, சொல்லுங்கள்? வீட்டுக்கு யார் வந்தாலும், வந்த விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால், செம்பில் தண்ணீர் நீட்டுகிற ஊர் இது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒரம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் இளநீரோடுதான் வந்தார்கள். உடுமலைச் சொந்தமல்லவா... ஒருவர் குலையாகவே வெட்டிக்கொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. அண்ணனுக்கு யாரையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. "வெய்யுங்க, வெய்யுங்க" என்று வாங்கி எதிர்ச் சுவரோரமாக அடுக்கினார். அக்கா படுத்தபடியே அந்தக் காய்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் தோட்டம் என் பொறுப்பு. "குச்சியக் குத்திப் பாத்துட்டு ஊத்து கண்ணு. கருவேப்பில மட்டும் பத்தரம்" என்று சொல்லி அனுப்பினார். நான் ஒழுங்காகக் குச்சி குத்தினேன். ஒவ்வொரு நாளும் மண் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. ஒரு சொட்டு நான் ஊற்றவில்லை. ஆனால் கறிவேப்பிலைக்கு இலை மஞ்சளாகி, உதிர்ந்து, செடி நாளுக்கு நாள் தொங்கிக்கொண்டே போனது. என்ன மாயம் இது என்று எனக்கு விளங்கவே இல்லை.

கடைசியில் விளங்கியது. ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும்போது அண்ணன் ஒரு வாளி ஊற்றியிருக்கிறார். காலைத் தொழுகை முடிந்து வருகிற வழியில் பாய் ஒரு குடம் ஊற்றியிருக்கிறார். போதாததற்கு என் வீட்டுக்காரர்! நம் வீட்டுச் செடிக்கு ஒரு நாளும் தண்ணீர் ஊற்றி அறியாத மகானுபாவர், சாயந்தரம் வாக்கிங் முடிந்து மதில் மேலாக ஒரு வாளி. ஒருவர் ஊற்றுவது இன்னொருவருக்குத் தெரியாது. அக்கா வீட்டுச் செடி வாடுகிறதே என்று ஆளாளுக்கு மனசு கேட்கவில்லை. வேர் அழுகினாலும் செடி இப்படித்தான் வாடும், தாகத்தில் வாடுவது போலவே வாடும். வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றினார்கள்.

பிடுங்கிப் பார்த்தோம். வேர் கறுத்து, கூழாகி, சாக்கடை நாற்றம் அடித்தது. மழை பொய்த்த வருஷத்தில், தண்ணீர் அதிகமாகி ஒரு செடி செத்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா தினமும் கேட்டார். நானும் தினமும் "நல்லாருக்குதுங்கக்கா" என்றேன். வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம் போய் வெறும் குழியைப் பார்த்தார்.

"ஆரு ஊத்துனது?"

அண்ணன் தரையைப் பார்த்தார். பாய் செருப்பைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செரி உடுங்க. பாசத்துல ஊத்திப்போட்டீங்க. இந்த ஊர்ல பாசத்த வேற எப்படிக் காட்டறது?" என்றவர், வாசல் பக்கம் காகிதப்பூவைக் காட்டினார். "இதுக்காச்சும் ஊத்தாதீங்க சாமிகளா. ஈரம் பட்டா வெறும் எலையாத் தழைச்சுப்போடும். காயப் போட்டாத்தான் பூக்கும். பங்குனி வெய்யிலுக்குப் பூத்துரும். நான் பாக்கோணும்."

அது ஒன்றுதான் அவர் கேட்டது. காகிதப்பூ பூத்துப் பார்க்க வேண்டும்.

ஊற்றவில்லை. ஒருவரும் ஊற்றவில்லை. அந்தப் பக்கம் தண்ணீரோடு போகவே எல்லோரும் பயந்தோம். செடி விறகுக் குச்சியாய் நின்றது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு அக்கா அதைப் பார்த்தபடி இருந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சைத் துண்டு ஒன்றை நக்கிக்கொள்வார். "எனக்கும் அதுக்கும் ஒரே பத்தியம் கண்ணு. ஆரு தாங்கறோம்னு பாக்கலாம்" என்பார்.

மாசி மாதம். விளக்கு வைக்கிற நேரம். மேட்டுப்பாளையத்தில் இருக்கிற மகளுக்குப் போன் பேசுவதற்காக அண்ணன் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். அன்றைய செம்பு காலி. மூச்சு கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு வாய் தண்ணி குடு கண்ணு."

கொடுக்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கறிவேப்பிலையின் அழுகின வேர் என் கண்ணுக்குள் இருந்தது. பாசம் காட்டுகிறேன் என்று இவரையும் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். "காலைல மொத வேலையா தாரேனுங்கக்கா" என்றேன்.

உதட்டில் பட்ட ஈரத்தை நாக்கால் தேடிக்கொண்டே சிரித்தார். "காயப் போட்டாத்தான் பூக்கும்னு நான் சொன்னத என்கிட்டயே காட்டறயா?"

காலையில் அண்ணன் வழக்கம்போலச் செம்பை நிரப்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அவரை எழுப்பியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை.

அந்த ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நான் கேட்கவில்லை. ஆகியிருக்கும் என்றாலும் சரி, ஆகியிருக்காது என்றாலும் சரி, எனக்கு எந்தப் பதிலும் உதவாது. சரியானதைத்தான் செய்தேன். சரியானதைச் செய்துவிட்டு இப்படித் தூக்கம் வராமல் கிடப்பேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டுமே... குழாய் வருகிற நாள் இல்லை. கேட்காமலே வீடு வீடாகக் குடங்கள் வந்தன. எல்லாம் பூட்டிப் பூட்டி வைத்திருந்த சிறுவாணி. ஒரு செம்புக்குள் நாளைக் கழித்தவர் மேல் குடம் குடமாக ஊற்றினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பங்குனி பிறந்தது. காகிதப்பூ பூத்தது.

எப்படிப் பூத்தது என்கிறீர்கள்? ஓர் இலை தெரியவில்லை. மதில் முழுக்க ராணிக் கலர். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரண்டு வாரம் முந்திப் பூத்திருந்தால் உனக்கு என்ன கேடு என்று ஒரு செடியிடம் சண்டை போட்டேன்.

அந்தச் செடிக்குத்தான் பாய் போன வாரம் குடத்தோடு வந்தார். அவர் சாய்க்கப் போவதைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"என்னங்க பாய், உங்களுக்குத் தெரியாதா? ஊத்துனா பூவெல்லாம் கொட்டிப்போகும்."

"தெரியுமுங்கக்கா" என்றார், மெதுவாக. "தாகத்துக்குத் தண்ணி குடுக்கறது எங்கள்ல பெரிய தர்மமுங்க. அந்தக்கா உசுரோட இருக்கறப்ப குடுக்க முடியல. அவிய பேருல ஊத்தலாமுன்னு வந்தனுங்க. அதுக்குத்தான் நல்ல தண்ணியா எடுத்துட்டு வந்தேன்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். அக்கா போனதிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போவதில்லை. தாடி வளர்ந்துவிட்டது. பூத்துக் கிடந்த மதிலைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த குடத்தைப் பார்த்தார்.

"உடுங்க அம்மணி, ஊத்தட்டும்" என்றார். "அவ நாக்கு வறண்டுதான் போனா. செடியாச்சும் குடிக்கட்டும்."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. அன்று மாலை அக்கா என்னிடம் கேட்டது அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர் அவர். இதையும் படிப்பார். படிக்கட்டும்.

குடத்தைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். தேங்காய் மட்டைகளை விலக்கிவிட்டு நிதானமாக ஊற்றினார். காய்ந்த மண் மடக்மடக்கென்று சத்தம் போட்டுக் குடித்தது. இதற்குள் பூ உதிர ஆரம்பித்திருக்கிறது. இனி இலையாகத் தழைக்கும். அக்கா இருந்திருந்தால் எங்கள் மூன்று பேரையும் விளக்குமாற்றால் அடித்திருப்பார். தோட்டம் வைத்திருக்கிற வாசகிகளே, தயவுசெய்து நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள்.

பாதிக் குடம் ஆனதும் பாய் நிறுத்தினார். மீதியை நான் வாங்கி ஊற்றினேன்.