ஆஸ்பத்திரித் திராட்சையுடன் ஸ்கீவ கலியாணத்துக்கு

ஒக்டோபர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை ஹோர்சன்ஸிலிருந்து ஸ்கீவவுக்குப் போனேன். அங்கே நகரசபையில் காலை 11.20க்கு என் சிநேகிதி வசந்தியின் கலியாணப் பதிவு. டென்மார்க்கில் பதிவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் மாப்பிள்ளையின் தங்கை. மற்றவர் நான். பெண் பக்கத்திலிருந்து அழைக்கப்பட்ட ஒரே ஆளும் நான்தான்.

வசந்திக்கு வயது நாற்பத்தெட்டு. ஸ்கீவவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கணவன் இறந்து ஒன்பது வருடம். மாப்பிள்ளை ஜெயசீலன் பிரெடெரிசியாவில் இருக்கிறார், பெந்தெகொஸ்தே சபைக்காரர். விதவை, மறுமணம், அதுவும் வேதக்காரர். எங்கள் ஆட்களுக்கு இதில் எதை முதலில் மெல்லுவது என்றே தெரியாமல் போயிருக்கும். ஆனால் வசந்தி இரண்டு கிழமைக்கு முன்பே தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "நான் கூவிக்கொண்டு திரியேல்லை. ஆனா ஒளிக்கவும் இல்லை. ஆரும் கேட்டா சொல்லு." இந்த வசனத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

ஹோர்சன்ஸிலிருந்து ஸ்கீவ காரில் ஏறத்தாழ 115 கிலோமீற்றர். எனக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பிடிக்காது. ரயிலில் ஓர்ஹூஸில் மாறி, லங்கோ, வீபோர்க் வழியாகப் போனால் இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. பயணச்சீட்டு 196 குரோனர். பட்டுச்சேலை கட்டி, மேலே முழங்காலுக்குக் கீழே வரும் குளிர்கோட்டு. 8.04க்கு ஏறினேன். 10.40க்கு ஸ்கீவவில் நிற்பேன் என்று செயலி சொன்னது.

அந்தச் செயலி சொல்லாததை ஓர்ஹூஸில் ஒலிபெருக்கி சொன்னது. லங்கோவுக்கும் வீபோர்க்குக்கும் இடையில் தண்டவாள வேலை. ரயிலுக்குப் பதில் பேருந்து. முதல் நாள் இரவு மூன்று தடவை பார்த்தேன், அப்போது ஒரு சொல்லும் இல்லை. இந்த நாட்டில் எனக்கு முப்பது வருடம். கடிகாரத்தைப் பார்த்து மரியாதை செய்யும் சனம், தன்னுடைய ரயிலை மட்டும் கடவுளிடம் விட்டிருக்கிறது.

9.25க்கு லங்கோவில் இறங்கினோம். இரண்டு பெட்டிச் சனத்துக்கு ஒரேயொரு பேருந்து. என் முன்னால் நின்ற சைக்கிள்காரனோடு கதவு மூடப்பட்டது. அடுத்தது எப்போது என்று சாரதியிடம் டெனிஷில் கேட்டேன்.

"பத்தரைக்கு இருக்க வேண்டும்."

"இருக்க வேண்டுமா, இருக்குமா?"

"நான் பேருந்துதான் ஓட்டுகிறேன்" என்றான், யன்னலை மூடிக்கொண்டே.

லங்கோ நிலையத்தில் தேநீர் வாங்கக்கூட ஒரு இடம் கண்ணில் படவில்லை. காற்றில் சேலைக் கரை கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தது. வாடகைக்கார் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சாம்பல் நிற வான் பின்னால் வந்து மெல்ல நின்றது. உள்ளே பாலா அண்ணை. ஹோர்சன்ஸில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்பவர், அறுபது வயதிருக்கும், கோயிலில் காண்கிற முகம். லங்கோவில் யாரோ விற்ற பழைய கதிரைகள் நான்கை ஏற்றிக்கொண்டு, ஸ்ட்ரூவவில் இருக்கும் மச்சானிடம் போகிறாராம்.

"என்ன தங்கச்சி, தூரவோ?"

எங்கள் ஆட்கள் 'எங்கே போகிறாய்' என்று நேராகக் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால் போகிற காரியம் சரிவராதாம். 'தூரவோ' என்பார்கள். அதற்கு 'உங்கினை ஒருக்கா', இங்கே பக்கத்தில்தான் என்பதுபோலப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இரு பக்கமும் நாகரிகமாகத் தப்பிக்கிற ஏற்பாடு. நானும் அப்படியே சொன்னேன்.

"உங்கினை எண்டால்? நான் ஸ்கீவயாலைதான் போறன். ஏறும், காத்துக்கை நிண்டு விறைக்கிறீர்."

ஏறினேன். நேரம் 9.45. ஸ்கீவ அவருடைய வழியிலேயே இருக்கிறது. பதினொரு மணிக்கு முன்னர் நகரசபை வாசலில் இறங்கியிருக்கலாம். ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். பிறகு அவர் தொடங்கினார்.

"ஸ்கீவயிலையோ இறங்கிறீர்?"

"ஓம்."

"ஆர் வீட்டை? அங்கை எங்கடை ஆக்கள் நாலு வீடுதானே."

நாலு வீடு. வசந்தியின் பெயர் இரண்டாவது கேள்வியில் வந்துவிடும், மூன்றாவது கேள்வியில் கலியாணம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாப்பாட்டு வரிசையில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். இரசாயனம் படித்த, சாத்திரம் பார்க்காத, ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற நான் சொன்னேன்: "எங்கடை ஆள் இல்லை அண்ணை. வேலையிலை தெரிஞ்ச டெனிஷ் மனிசி. சுகமில்லை."

"ஐயோ. ஆஸ்பத்திரியிலையோ?"

கதையை முடிக்கலாம் என்று "ஓம்" என்றேன்.

"அப்ப வீபோர்க் எல்லோ! ஸ்கீவயிலை எங்கை இப்ப பெரிய ஆஸ்பத்திரி? அரசாங்கக்காரர் எல்லாத்தையும் மூடிப்போட்டாங்கள். நல்லகாலம் கேட்டன், இல்லாட்டி உம்மைச் சும்மா ஸ்கீவயிலை இறக்கியிருப்பன்."

இந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வீபோர்க்கில் இறங்கி, அவர் போனதும் வாடகைக்கார் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். அவர் என் காலடியைப் பார்த்தார்.

"பட்டுச் சீலையோடையோ வருத்தக்காரரைப் பாக்கப் போறீர்?"

"பின்னேரம் வேலையிலை ஒரு விழா."

"ஓ" என்றார். சேலைக் கரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "வெறுங்கையோடை போகேலாது" என்று வீதியோரக் கடையொன்றில் வானை நிறுத்தினார். தேவையில்லை என்று நான் சொல்லச் சொல்ல, உள்ளே போய் ஒரு பெட்டி பச்சைத் திராட்சை வாங்கி வந்து என் மடியில் வைத்தார். அதற்குப் பத்து நிமிடம்.

வீபோர்க் ஆஸ்பத்திரியில் 10.35. அவர் இறக்கிவிட்டுப் போகவில்லை. வானை நிறுத்திவிட்டுக் கூடவே உள்ளே வந்தார். ஒருவரைத்தான் விடுவார்கள் என்றேன். "அப்ப நான் இதிலை இருக்கிறன், நீர் ஆறுதலாப் பாத்திட்டு வாரும்" என்று வாசல் மண்டபத்தில் உட்கார்ந்தார். உதவி செய்ய வெளிக்கிட்ட யாழ்ப்பாணத்தானைப் பாதியில் நிறுத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது.

மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்கு ஏறி, மறுபக்கப் படியால் இறங்கி, பின்கதவு தேடினேன். ஐம்பதை நெருங்குகிற ஒரு மனுஷி, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் இல்லாத திராட்சையோடு ஓடுகிறாள். வாடகைக்கார் பத்து நிமிடத்தில் என்றார்கள். இருபது நிமிடத்தில் வந்தது. வசந்திக்கு எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. கைபேசி மாப்பிள்ளையின் தங்கையின் கைப்பையில் ஒலி இல்லாமல் கிடந்ததாம். பாலா அண்ணைக்கு, நேரம் செல்லும், நீங்கள் போங்கோ என்று எழுதினேன். 'பழம் குடுத்தாச்சோ?' என்று பதில் வந்தது.

வீபோர்க்கிலிருந்து ஸ்கீவ முப்பது கிலோமீற்றர், 640 குரோனர். நகரசபை வாசலில் இறங்கும்போது 11.36. அவர்கள் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்காக ஆறு நிமிடம் பொறுத்தார்களாம். அடுத்த சோடி 11.40க்கு. ஆகவே பதிவாளர் நடைபாதையில் போன கட்டடப் பராமரிப்பாளரைக் கூப்பிட்டு, என் இடத்தில் நிற்க வைத்திருக்கிறார்.

வசந்தி என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"ஆஸ்பத்திரிக்கு வாங்கின பழம்."

"ஆருக்கு வருத்தம்?"

ரயிலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தண்டவாள வேலையை, பேருந்துச் சாரதியை, பாலா அண்ணையின் வாயை, எங்கள் சனத்தை, வரிசையாகத் திட்டினேன். ஜெயசீலன் சிரித்தார். நான் பின்கதவால் ஓடிய இடம்வரை வசந்தியும் சிரித்தாள். பிறகு ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"நான் உன்னை ஒளிக்கச் சொன்னனானோ?"

"இல்லை."

"அப்ப ஆருக்கடி வெக்கம்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன்.

பின்னேரம் திரும்பி வரும் பேருந்தில் பாலா அண்ணையின் அழைப்பு. ஆள் எப்படி என்று கேட்டார். பதினொன்றரைவரை அந்த மண்டபத்தில் இருந்தாராம், ஒருவேளை எனக்கு ஸ்கீவ பக்கமும் போக வேண்டியிருக்குமோ என்று. இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். வசந்தியின் பெயரையும் சொன்னேன்.

"உதுக்கோ தங்கச்சி?" என்றார். "சீலையைக் கண்டு நானும் யோசிச்சனான்தான். சொல்லியிருந்தா வாசல்லை இறக்கிவிட்டிருப்பனே. நாலு கதிரையிலை ரெண்டை அந்தப் பிள்ளைக்குக் குடுத்திருப்பன்." ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அவர் நல்லவர்தான் என்று முடித்துவைக்கவும் நான் தயாரில்லை. ஆனால் அன்று பொய் சொன்னது அவர் இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்கீவ பாதையில் போவதானால் முதல் நாள் பார்த்தது போதாது, புறப்படும் காலையிலும் பாருங்கள். மாற்றுப் பேருந்து என்றால் ரயிலின் முன்பெட்டியில் இருந்து, இறங்கியவுடன் நடையைக் கட்டுங்கள். நகரசபையில் நேரம் குறித்திருந்தால் ஒரு ரயில் முன்னதாகப் போங்கள். அங்கே ஆறு நிமிடத்துக்கு மேல் பொறுக்க மாட்டார்கள். வீபோர்க்கில் வாடகைக்கார் சொன்ன நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். 'தூரவோ' என்று யாராவது கேட்டால், ஸ்கீவவுக்கு, கலியாணத்துக்கு என்று சொல்லுங்கள்.

வசந்தி நேற்றுப் படம் அனுப்பியிருந்தாள். பெண், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தங்கை. பெண்ணுக்குப் பக்கத்தில், நீல வேலையுடுப்பில், இடுப்பில் திறப்புக்கோர்வையோடு அந்தப் பராமரிப்பாளர். கைகளை முன்னால் கட்டி, நேராக, நன்றாகத்தான் நிற்கிறார்.