கிளாவரை கடைசி ஸ்டாப்பில் இறங்கிய பாரா வீரர்

மன்னவனூர் ஏரியோடு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அப்பால், ரோடு முடிகிற கிளாவரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் போன மாதம் கிளம்பினேன். கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பஸ்கள் குறைவு என்பதால் வெள்ளனே போய் ஜன்னல் சீட் பிடித்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்தவர் குமரேசன். முப்பது வயதிருக்கும். ராணுவத்திலிருந்து லீவில் ஊருக்குப் போகிறார். எந்தப் பிரிவு என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"பாரா படைண்ணே. பாராசூட்ல குதிக்கிறது. வீட்டுல தெரியாது. ஸ்டோருல மூட்டைக்குக் காவல்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நான் ஒரே புள்ள. நெசத்தச் சொன்னா அதுக்குத் தூக்கம் போயிரும்."

பூம்பாறையில் அடுக்கடுக்கான பூண்டு வயல்களைத் தவறவிடாதீர்கள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. எல்லோரும் இறங்கினோம். ரம்பம் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

"இப்பத்தான் ஏவுகணை, ட்ரோன்னு வந்துருச்சே, ஆள் குதிச்சு என்ன ஆகப்போகுது?" என்று குமரேசனிடம் கேட்டேன்.

அவர் மரத்தைக் காட்டினார். "இந்த ரோட்டை எதிரி அடைச்சுட்டான்னு வைங்க. பின்னால எத்தனை டாங்கி வந்தாலும் இங்கதான் நிக்கணும். நாங்க அவனுக்குப் பின்பக்கம் எறங்கி, ஒரு பாலத்தையோ கணவாயையோ பிடிச்சுக்குவோம். நம்ம படை வந்து சேர்ற வரைக்கும் கூடக் கொண்டுபோன குண்டும் சாப்பாடும்தான். ட்ரோன் பாக்கும், அடிக்கும். எடத்தைப் பிடிச்சு வச்சிருக்க ஆளு வேணும்ல? ஆனா ட்ரோன் வந்தப்புறம் கூட்டமா எறங்குறது ஆபத்து. சின்னச் சின்னக் குழுவாத்தான். குதிக்கிறது எங்களுக்கு பஸ்ஸு மாதிரிண்ணே. எறங்குனப்புறம்தான் சோலியே."

ரம்பம் வந்ததும் முதலில் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

கிளாவரையில் அவர் அம்மா ராசாத்தி காத்திருந்தார். "சாப்பிடாம போகக் கூடாதுங்க" என்று என்னையும் வீட்டுக்குக் கூட்டிப் போனார். சோறும் பீன்ஸ் பொரியலும் பரிமாறிக்கொண்டே மகனிடம் விஷயத்துக்கு வந்தார்.

"ஏலே, நம்ம காட்டுல வெளஞ்ச பூண்டு எடுக்க ஆளில்லாமக் கெடக்கு. மூட்டைக்குக் காவல் காக்க அம்புட்டுத் தூரம் எதுக்கு? எழுதிக் குடுத்துட்டு வெரசா வந்துரு. பெரியவங்க, நீங்களும் சொல்லுங்க."

நான் தட்டைப் பார்த்தேன். குமரேசன் கை கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து மெரூன் நிறத் தொப்பியை எடுத்துத் தலையில் சரியாக வைத்துக்கொண்டார்.

"நான் ஸ்டோருல இல்லம்மா. பிளேன்லருந்து குதிக்கிற படையில இருக்கேன். இந்தத் தொப்பி சும்மா கெடைக்காது. கூட வந்தவங்கள்ல பாதிப் பேரு தேறல. நான் தேறுனேன். இதை விட்டுட்டு வரமாட்டேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. 

"குதிக்கையில விரியுற அந்தக் குடையை யாரு மடிக்கிறது?" என்று கேட்டார் ராசாத்தியம்மா.

"அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கம்மா. அது விரியலைன்னா நெஞ்சுல இன்னொன்னு இருக்கு."

"பயமா இருக்காதா?"

"கதவுகிட்ட நிக்கும்போது இருக்கும்."

ராசாத்தியம்மா மகன் அருகே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தன் கையாலேயே மகன் தலையில் வைத்தார். "போ. ஆனா இன்னொரு தடவை எங்கிட்ட பொய் சொன்னா, நீ குதிக்கிறதுக்கு முன்னாடி நானே புடிச்சுத் தள்ளிருவேன்."

அந்த வீட்டுக்கும் எனக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். வயல் வரப்பில் கேட்காமல் இறங்காதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் ராசாத்தியம்மாவும் ஏறினார். பூம்பாறையில் இருக்கிற தங்கச்சிக்கு மகன் வந்த சேதி சொல்லப் போகிறாராம். கண்டக்டர், "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார்.

"பூம்பாறை ஒண்ணு குடுங்க" என்றவர், சில்லறையை நீட்டியபடி பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எம்மவன் பிளேன்லருந்து குதிக்கிறானுங்க!"