அடிக்கிற போனை எடுக்காதவள்

சொல்ல என்ன வெட்கம்? அந்தப் பெண்ணைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஆஸ்பத்திரியின் பதிவு கவுன்டரில் இருபத்து நான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலி காலியானபோது என் மகளும் மனுப் போட்டாள். முதல் இடம் அந்தப் பெண்ணுக்கு, இரண்டாவது இடம் என் மகளுக்கு. ஆறு மாதம் பார்ப்போம், சரியில்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்றார் மேனேஜர். அந்த 'சரியில்லையென்றால்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு நானும் மகளும் நாளை எண்ணினோம்.

வந்த வாரமே எல்லோரும் அவளுக்கு 'மின்னல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் புதிய பதிவுமுறை வந்தபோது எனக்கு மூன்று வாரம் பயிற்சி. ஒரு நோட்டு நிறைய எழுதியும், ஒவ்வொரு பட்டனையும் சூடான அடுப்பைத் தொடுகிற மாதிரிதான் தொடுவேன். அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இதை அழுத்தினாள், அதை அழுத்தினாள், மத்தியானத்துக்குள் எல்லாம் அத்துப்படி. "சும்மா அழுத்துங்கக்கா, ஒண்ணும் உடையாது" என்று எனக்கே புத்தி சொன்னாள், பொடிசு! என் மகள் வயதில் இருந்துகொண்டு என்னை அக்கா என்றாளே, அது ஒன்றுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது.

போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று என் மகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் நான். கம்ப்யூட்டர் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். இந்த மின்னலின் அம்மாவோ ஐந்து வயதிலேயே போனைக் கொடுத்திருக்கிறாள். கெட்டுப்போன பிள்ளைக்கு முதல் இடமாம்!

ஆனால் மின்னலுக்கு ஒரு குறை இருந்தது. மேஜைப் போன் அடித்தால் முகம் வெளுத்துவிடும். "அக்கா, நீங்களே எடுங்களேன், ப்ளீஸ்" என்பாள். பதிலுக்கு என் பதிவுகளையும் அவளே போட்டுவிடுவாள். ஆறு மாதமும் இப்படியே ஓடியது, மூன்றாம் பேருக்குத் தெரியாது.

"அப்படி என்னடி பயம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மா வேலைக்குப் போனா ராத்திரி நான் தூங்கினப்புறம்தான் வருவாங்க. வீட்ல நானும் போனும்தான். எது வேணும்னாலும் மெசேஜ் போடுவேன். உங்க பொண்ணு குடுத்து வெச்சவக்கா, சாயந்தரமானா பேச நீங்க இருந்தீங்க."

அதைக் கேட்டும் என் மனசு இளகவில்லை.

ஆறாம் மாதத்தின் கடைசி நாள் மேனேஜர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் மேஜைப் போன் அடித்தது. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கீழ் டிராயரில் இல்லாத ஃபைலைத் தேடினேன். "அக்கா..." என்றாள். காதில் விழாதது மாதிரி இன்னும் தேடினேன்.

"எடும்மா, பேஷன்ட் வீட்டுக்காரங்களா இருக்கும்" என்றார் மேனேஜர்.

எடுத்தாள். "ஹலோ" என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. திருதிருவென்று விழித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் என் மகள். போன் அடித்ததும் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்று தேனாகப் பேசினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் பத்தே நிமிடம். முதல் நோயாளியின் பேரைப் பதிய வேண்டும். மகள் விரலை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள்.

"தப்பா அழுத்திட்டா என்னம்மா ஆகும்?"

என் பயம் அப்படியே அவள் கையில் இருந்தது. நான் நோட்டைப் புரட்டி எதையோ அழுத்த, திரையில் சிவப்பாக என்னவோ வந்து நின்றது. ஆறு மாதத்தில் தெரிந்ததும் மறந்துபோயிருந்தது. வரிசை வாசல்வரை போய்விட்டது. "ரெண்டு பேரு உக்காந்து என்னதாம்மா பண்றீங்க?" என்று ஒருவர் சத்தம் போட்டார். மேனேஜர் அறைக் கதவு திறந்தது.

வேறு வழியில்லாமல் என் செல்போனில் மின்னலைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவள் எப்படி எடுப்பாள்?

அடித்து ஓய்ந்த மறுநொடி மெசேஜ் வந்தது: "என்னக்கா? எழுதுங்க."

அந்த வேகத்தைப் பார்த்து, அப்போதும் ஒரு கணம் வயிறு எரிந்தது. 'மன்னிச்சிடும்மா' என்று ஆரம்பிக்கலாம் என்று ஒற்றை விரலை நீட்டினேன். 'ம' எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.