எழுநூறு வெள்ளியில் தீர்த்த கடன்

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு சரோஜா கையில் ஒரு கடிதத்தோடு ஓடி வந்தாள். பேங்கிலிருந்து வந்த கடிதம். வேன் வாங்கிய கடனில் பாக்கி ஏறிப்போயிருந்தது. மொத்தமாக ஒரே தடவையில் கட்டினால் ஒரு பகுதியைத் தள்ளிவிடுகிறோம், நேரில் வந்து பேசுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"டீச்சர், நீங்களும் கூட வாங்க லா..."

போனோம். ஏ.சி. அறை. டை கட்டிய தம்பி ஒருவர் கால்குலேட்டரைத் தட்டினார். சரோஜா குறைத்துச் சொன்னாள், அவர் ஏற்றிச் சொன்னார், நான் நடுவில் புகுந்து இரண்டு வார்த்தை பேசினேன். அரை மணி நேரத்தில் கையெழுத்து. வெளியே வந்ததும் சரோஜா கேட்டாள்: "இதெல்லாம் எங்க டீச்சர் கத்துக்கிட்டீங்க?"

எங்கே கற்றுக்கொண்டேன்? கூலிமில். வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில். அங்கே ஏ.சி. கிடையாது!

அப்போது நான் கூலிமுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். என் கணவர் அந்தோணி சொந்தமாக ஒரு லாரி வைத்திருந்தார். ஜப்பான் சண்டை முடிந்து பட்டாளத்தார் விற்றுவிட்டுப் போன பழைய லாரி. அதை வாங்க கூலிம் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் பெட்டி வைத்து வட்டித்தொழில் செய்த கட்டடத்தில், ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு (மலாயா டாலரை அப்படித்தான் சொல்வோம்) புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார். மாதம் தவறாமல் வட்டி கட்டிவந்தார்.

ஒரு நாள் காலை, தோட்டத்து மண்சாலையில் காட்டிலிருந்து வந்த மூன்று பேர் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். இறங்கச் சொன்னார்கள். இறங்கினார். பெட்ரோலை ஊற்றி லாரியைக் கொளுத்தினார்கள். அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. நாலு மைல் நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கீறல் இல்லாததுதான் வினையாகப் போயிற்று. "உன்னை ஏன் அவனுங்க சுடல?" என்று போலீஸ் இரண்டு நாள் வைத்துக் கேட்டது. இதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? விட்டார்கள். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, தினமும் கேட்டில் இருக்கும் போலீஸிடம் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. என் கணவர் அதற்குப் பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். கேட்டால் தலையாட்டுவார். அவ்வளவுதான்.

வட்டி நின்றது. ஆறு மாதம் கழித்து இங்கிலீஷில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அசலும் வட்டியும் செலவும் சேர்த்து ஆயிரத்து நானூற்று அறுபது வெள்ளி. பதினான்கு நாள் கெடு.

என் சம்பளம் அறுபத்தைந்து வெள்ளி. சொல்லுங்கள்... யாருக்குத் தூக்கம் வரும்?

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியார்தான் ஒரு வழி சொன்னார். "டீச்சர், அந்தக் கடை ஏஜெண்ட் செட்டியாருக்குத் தவணை முடிஞ்சுபோச்சு. இந்த வாரம் ஊருக்குக் கப்பல் ஏறுறாரு. புது ஏஜெண்ட் வரப்போறாரு. போற ஆளு வராக் கடனை எல்லாம் முடிச்சிட்டுத்தான் போக நெனைப்பாரு. கையில மொத்தமா ரொக்கம் கொண்டு போனா கொறைச்சுப் பேசலாம்."

என் வளையல்கள், சங்கிலி, பண்டார் பாருவிலிருந்து அக்கா அனுப்பியது, எரிந்த லாரியின் இரும்பைச் சீனருக்கு விற்றது... எல்லாம் சேர்ந்து அறுநூறு வெள்ளி. "நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்றேன். கணவர் தலையாட்டினார்.

அறுநூறு வெள்ளியைக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் ரோட் பிளாக். எல்லாரும் இறங்க வேண்டும். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா, மருந்து போகிறதா, பணம் போகிறதா என்று சோதனை. பெண்களைச் சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரம்மா சோதித்தார். என் கைக்குட்டை அவர் கைக்குப் போனது.

"பாஞாக் டுவிட் இனி! சியாப்பா பூஞா?" இவ்வளவு காசா, யாருடையது என்று சத்தம் போட்டார்.

ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் இருக்கும் ஒருவரின் மனைவி. ரவிக்கைக்குள் அறுநூறு வெள்ளி. வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? என்னைத் திரைக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்; பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சார்ஜென்ட் வந்தார். எங்கே கொண்டுபோகிறாய் என்றார். கடன் கட்ட என்றேன். அவர் நம்பவில்லை. பையிலிருந்த வக்கீல் நோட்டீஸை எடுத்து நீட்டினேன்.

முழுவதும் படித்தார். என்னைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கேட்பது இவ்வளவு, நீ கொண்டுபோவது இவ்வளவுதானா என்று மலாயில் சொல்லி, போ போ என்று கையை ஆட்டினார். இரண்டு வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்த காகிதம் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது!

கூலிமில் இறங்கும்போது மணி ஒன்று. தோட்டத்துக்குத் திரும்பக் கடைசி பஸ் நாலு மணிக்கு. ஆறு மணிக்குக் கேட் மூடினால் ஊரடங்கு. வெளியே நின்றால் சுடலாம் என்று சட்டம்.

கிட்டங்கிக்குப் பெண்கள் வருவது அபூர்வம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நீளமான கூடம். வரிசையாகச் சின்ன மேசைகள், பெட்டிகள், தரையில் சம்மணமிட்டு ஆட்கள். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. எங்கள் ஏஜெண்டுக்கு நாற்பது வயதிருக்கும். பின்னால் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. தோட்டத்து டீச்சர் என்று சொல்லி, நோட்டீஸை அவர் முன்னால் வைத்தேன்.

"வீட்டுக்காரர் வரலியா, டீச்சரம்மா?"

"தோட்டத்தை விட்டு வெளிய வரக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"ஆயிரத்து நானூத்தி அறுபது."

"அறுநூறு இருக்குங்க. ரொக்கமா. இன்னிக்கே."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அசல்ல பாதிதானே இது?"

"லாரி எரிஞ்சு போச்சுங்க."

"நான் லாரிக்குக் கடன் குடுக்கலையே. கையெழுத்துக்குக் குடுத்தேன்."

உண்மைதானே! அழுதுவிடக் கூடாது, அழுதுவிடக் கூடாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன் — கணக்கு.

"நீங்க கேஸ் போட்டா கோர்ட்டு எங்க வருமானத்தைப் பார்த்துத் தவணை போடும். மாசம் பத்து வெள்ளிக்கு மேல போடாதுங்க. ஆயிரத்து நானூத்தி அறுபது தீர பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள இந்தப் பெட்டியில நாலு ஏஜெண்டு மாறிடுவாங்க. நாங்களும் உசுரோட இருப்போமான்னு தெரியாது. இந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்?"

அவர் என்னையே பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"ஆயிரம்."

"இல்லிங்க."

"எண்ணூறு."

"என்கிட்ட இல்லிங்க."

அவர் குரல் திடீரென்று தாழ்ந்தது. "எழுநூறு. டீச்சரம்மா, நானும் சம்பளக்காரன்தான். ஊர்ல போயி முதலாளிக்கு முன்னால கணக்கோட உக்காரணும். எழுநூத்துக்குக் கீழ எழுதினா நான் நிமிர்ந்து பார்க்க முடியாது. மூணு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் பினாங்குக்குக் கார் வந்துரும்."

அதுவரை எனக்கு ஒன்று தோன்றவே இல்லை. கடன் கொடுத்தவனுக்கும் பயம் உண்டு. நாம் நம் பயத்தைப் பார்ப்பதிலேயே மும்முரமாக இருக்கிறோம்.

அது சரி... நூறு வெள்ளிக்கு எங்கே போவது?

வெளியே அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்த நடைபாதையில், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எதிர்க் கடையிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர்! ஆறு மாசமா எங்க கடைப் பக்கமே வரமாட்டேங்கிறிய?"

சாகுல் நானா. டயர்க் கடைக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் நாங்கள் டயர் வாங்கிய வகையில் இருநூற்று எண்பது வெள்ளி பாக்கி. கூலிமுக்கு வந்தால் சந்து வழியாகச் சுற்றிப் போவேனே தவிர, அவர் கடை முன்னால் நடந்ததே இல்லை. அன்றைக்குப் பதற்றத்தில் மறந்து வந்து நின்றது சரியாக அவர் கடைக்கு எதிரே!

தெருவைத் தாண்டிப் போனேன். வேறு வழி? மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ரவிக்கையில் அறுநூறு இருப்பதையும் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இவர் முதலில் என் பாக்கியைக் கொடு என்றால்?

நானா தாடியைச் சொறிந்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து பத்துப் பத்து வெள்ளி நோட்டுகளை எண்ணி வைத்தார்.

"இந்தாங்க நூறு. தர்மமுன்னு நெனைக்காதிய. செட்டியார் கோர்ட்டுக்குப் போனா, உங்ககிட்ட இருக்கிற சட்டி பானை வரைக்கும் அவருக்குப் போயிரும். எனக்கு ஒண்ணும் மிஞ்சாது. அவரு தொலைஞ்சா நான் ஒருத்தன்தான் பாக்கி. வெளங்குதா?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

"ஆனா ஒண்ணு டீச்சர். எங்கிட்ட பாதிக் கணக்கு, முக்காக் கணக்கெல்லாம் கிடையாது லா. முன்னூத்தி எண்பது. முழுசா வேணும். வட்டி எங்க மார்க்கத்துல இல்லை, அதனால கேக்க மாட்டேன்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மணி இரண்டே முக்கால். ஓடினேன்.

ஏஜெண்ட் பணத்தை இரண்டு தடவை எண்ணினார். பெட்டியிலிருந்து புரோநோட்டை எடுத்து, ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பகுதியைக் கிழித்து என்னிடம் கொடுத்தார்.

"பாக்கி எதுவும் இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்றேன்.

"நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்குங்க. ஆனா நாளைக்கு இந்த மேசைல உக்காரப் போறது நீங்க இல்லியே."

அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். எழுதிக் கொடுத்தார். வாசலில் கார் ஹாரன் கேட்டது.

திரும்பும்போது அதே ரோட் பிளாக். அதே மலாய்க்காரம்மா. கைக்குட்டையை உதறிப் பார்த்தார். "ஹாபிஸ்?" என்றார். "ஹாபிஸ்" என்றேன். தீர்ந்தது! இரண்டு பேரும் சிரித்தோம். தோட்டத்துக் கேட்டைத் தாண்டியபோது ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

வீட்டில் கணவர் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தார். கிழித்த புரோநோட்டுத் துண்டையும் சீட்டையும் முன்னால் வைத்தேன். நீண்ட நேரம் படித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு முழு வாக்கியமாகப் பேசினார்.

"ஆயிரத்து இருநூறுன்னு கையெழுத்துப் போட்டேன். எழுநூறு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க. ஊர்ல என்னை என்னன்னு சொல்லுவாங்க?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போது வந்தது. அவருக்குக் கேட்க வேண்டும் என்றே அழுதேன். "அப்ப நீங்களே போயிருக்கணும்!" என்று கத்தினேன். முடியாது என்று தெரிந்தே கத்தினேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

அடுத்த மாதம் போலீஸ் அந்த உத்தரவை நீக்கியது. நீக்கிய மறுநாளே அவர் கூலிமுக்குப் போய் சாகுல் நானா கடையில் டிரைவர் வேலை கேட்டார். டயர் ஏற்றிக்கொண்டு ஜித்ரா வரைக்கும் வேன் ஓட்டினார். சம்பளத்தில் ஒரு பங்கை நானா மாதா மாதம் பிடித்துக்கொண்டார். பேசியபடி முழுசாக, ஒரு காசு குறையாமல். நான் செட்டியாரைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் என் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். குறைத்துக் கட்டியது அவரை உறுத்துகிறது என்றே நானும் நினைத்திருந்தேன்.

பதினான்கு மாதம். கடைசிக் காசும் தீர்ந்த அன்று, பாக்கி இல்லை என்று நானா எழுதிக் கொடுத்த காகிதத்தோடு என் கணவர் வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னிக்கு உன்னைத் தனியா அனுப்பியிருக்கக் கூடாது, ஸ்டெல்லா."

அட மனுஷா! இதுதானா இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்தது?

செட்டியாரிடம் பேரம் பேசினேன்... இந்த ஒரு வாக்கியத்தை மட்டும், தாமதத்துக்கு வட்டி கேட்காமல் அப்படியே வாங்கிக்கொண்டேன்!